தோர்ணக்கல்லில் தெலுங்கு படித்த திருநெல்வேலிக்காரர்

பாளையங்கோட்டையில் காலை எட்டரை மணிக்கு ரோட்டைக் கடப்பது லேசான காரியமில்லை. ஐகிரவுண்டு பக்கமிருந்து ஒரு சீருடைக் கூட்டம், முருகன்குறிச்சி பக்கமிருந்து இன்னொன்று, நடுவில் ஆட்டோக்கள். ‘தென்னாட்டு ஆக்ஸ்போர்டு’ என்று சொல்லிச் சொல்லி நமக்கே அலுத்துப்போன ஊர் இது. பிள்ளைகளைப் பற்றி இங்கே பேசாத மேடை கிடையாது. அவர்களைக் கொண்டுவந்து விடுகிற தாய்தகப்பன்மாரைப் பற்றித்தான் பேச்சே இல்லை. வாசல்வரை வருகிறார்கள், கேட் சாத்தியதும் திரும்பிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு அந்தக் கேட்டோடு முடிந்துபோனதாக ஊரே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இன்றைய பேச்சு, படிப்போடு உள்ள உறவு அப்படி முடிந்துபோகாத சிலரைப் பற்றியது. பிள்ளை பெற்று, குடும்பம் நடத்தி, நாலு பேர் மதிக்கிற நிலைக்கு வந்த பிறகு, ஊர்விட்டு ஊர் போய் மறுபடியும் பாடம் கேட்க உட்கார்ந்தவர்கள். அப்படி உட்கார்ந்தவர்கள் கட்டிய பள்ளிக்கூடங்களுக்கு ஒரு தனி அமைப்பு இருந்தது என்பதுதான் இந்த அவையில் சொல்ல வந்த ஒரே சேதி.

நெல்லைச் சீமையில் கற்றவர்களின் பயணம் என்றதும் கால்டுவெல் பெயரை எடுக்காமல் எழுந்தால் மேடையைவிட்டு இறங்க விடமாட்டார்கள். 1841இல் அவர் சென்னையிலிருந்து நீலகிரி வழியாக இடையன்குடிவரை நடந்தே வந்தார், வழியெல்லாம் ஜனங்களின் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே வந்தார். ஆனால் அப்போது அவர் குடும்பம் இல்லாத இளைஞர். கைவீசி நடக்கிறவருக்குக் கற்பது சுலபம். தோளில் பிள்ளை இருக்கிறவரின் கதை வேறு.

அந்தக் கதைக்கு நம் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார்: வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874 ஆகஸ்டு 17ஆம் தேதி, அன்றைய திருநெல்வேலி ஜில்லாவின் தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கும் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் கிராமத்துச் சபைகுரு. தாயார் எல்லன். மூத்த பெண்ணுக்குப் பிறகு பல வருஷம் காத்திருந்து பிறந்த ஆண்பிள்ளை. பையனுக்குப் பதினைந்து வயது நிரம்பும்போதே தகப்பனார் காலமாகிவிட்டார். திருநெல்வேலி சி.எம்.எஸ். கல்லூரியில் படித்துவிட்டு, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். கணக்குப் பாடம் எடுத்திருந்தார். பட்டப் பரீட்சை நெருங்கும்போது உடம்பு படுத்துவிட்டது. பரீட்சை எழுதவில்லை, திரும்பவும் எழுதப் போகவில்லை. கடைசிவரை அவர் படித்து வாங்கிய பட்டம் என்று ஒன்று கிடையாது. 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பரீட்சை எழுத முடியாமல் போன நம் பிள்ளைகளுக்கு இதை ஒரு ஆறுதலாகச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் விஷயம் பட்டத்தில் இல்லை.

1895இல் ஒய்.எம்.சி.ஏ. வேலைக்குச் சேர்ந்தார். 1898இல் அன்பு மரியம்மாளைக் கலியாணம் செய்தார். தென்னிந்தியாவில் கல்லூரிப் படிப்பில் கால்வைத்த முதல் கிறிஸ்தவப் பெண்கள் சிலரில் அந்த அம்மாள் ஒருவர். இந்த ஊரில் சாராள் தக்கர் கல்லூரி 1895இல்தான் தொடங்கியிருந்தது என்பதை வைத்துப் பார்த்தால், பெண்ணுக்குக் கல்லூரி என்பதே அன்று எவ்வளவு புது விஷயம் என்பது விளங்கும். பட்டம் இல்லாத மாப்பிள்ளை, கல்லூரி பார்த்த பெண். இந்தக் குடும்பத்தில் யார் யாருக்குப் பாடம் சொன்னார்கள் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது.

இனி பயணம்.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். தூத்துக்குடிக் கரையிலிருந்து பார்த்தால் பக்கத்து வீடு மாதிரிதான், அதே தமிழ், அதே பனைமரம், அதே பதநீர். அவர் எதிர்பாராதது வேறொன்று. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில், தங்கள் ஆட்களை, கடல் தாண்டி இந்தியக் கரைக்கு ஊழியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை. திருநெல்வேலிச் சபையோ அவர்களைவிடப் பெரியது, வசதியும் ஒன்றும் குறைச்சலில்லை. அப்படியிருந்தும் சீமையிலிருந்து பணமும் ஆளும் வருவதைப் பார்த்துக்கொண்டு கைகட்டி இருந்தது. வெளிநாட்டுப் பயணம் என்றால் தூரதேசத்து அதிசயங்களைப் பார்ப்பது என்று நாம் நினைக்கிறோம். அசரியாவைப் பிடித்து உலுக்கியது, தன்னைப்போலவே இருக்கிற, தன் பாஷையே பேசுகிற ஆட்கள் தன்னைவிட ஒரு படி மேலே நிற்பதைப் பார்த்த சங்கடம்.

திரும்பிவந்த கையோடு காரியத்தில் இறங்கினார். 1903 பிப்ரவரி 12ஆம் தேதி திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் ஏற்பாடு. பணத்துக்கு எங்கே போவது? நம் பக்கத்து வீடுகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு, பிடியரிசி. உலையில் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது. அடுப்படியில் நிற்கிற பெண்ணின் கையிலிருந்து கணக்குப் புத்தகத்துக்குப் போன காணிக்கை அது. அசரியாவின் பிரயாணங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கப்பல்களை நினைவு வைத்திருக்கிறார்கள். அந்தக் கலயங்களை மறந்துவிடுகிறார்கள்.

சங்கம் தேர்ந்தெடுத்த இடம் நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல். இன்றைக்குத் தெலங்கானாவில், ரயில் சந்திப்பு உள்ள ஊர். ஆட்களை அனுப்பிவிட்டு இங்கேயே காரியதரிசியாக உட்கார்ந்திருந்தால் அசரியாவை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1907இல் டோக்கியோவில் நடந்த உலக மாணவர் கிறிஸ்தவ மாநாட்டுக்குப் போய்வந்த மனிதர், தமிழிலும் ஆங்கிலத்திலும் அவையைக் கட்டிப்போடுகிற பேச்சாளர். அந்த ஆள் 1909இல் குருப்பட்டம் பெற்று, மனைவி மக்களோடு தோர்ணக்கல்லுக்கே போய்விட்டார். முப்பத்தைந்து வயது. தெலுங்கு தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தமிழனுக்குத் தெலுங்கு ஒன்றும் சீன பாஷை இல்லைதான், பாதிச் சொல் தெரிந்ததுபோல இருக்கும். அந்தப் பாதிதான் ஆபத்து. தமிழில் ஒரே ‘க’வை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம், தெலுங்கில் அதற்கு நான்கு எழுத்து, நான்கு ஒலி. ‘ச’வுக்கு நான்கு, ‘ட’வுக்கு நான்கு, ‘த’வுக்கும் ‘ப’வுக்கும் அப்படியே. வாய் பழகாத வயதில், கூட்டத்தின் முன்னால் நின்று அதைத் தப்பாகச் சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும். எதிரே இருப்பவர்களோ பெரும்பாலும் மாலா, மாதிகா சமூகத்தைச் சேர்ந்த, எழுத்து வாசனை இல்லாத கூலிக்காரர்கள். எல்லோரும் ‘ஒன்றும் தெரியாதவர்கள்’ என்று ஒதுக்கி வைத்த ஜனங்கள். அவர்கள் பேசுகிற பாஷையில் இவர்தான் கற்றுக்குட்டி. தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் ஒரு பாஷையை எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்பது ஊர் மாறிய எந்தத் தகப்பனுக்கும் தெரியும். தன் பிள்ளையிடமே வார்த்தை கேட்க வேண்டியிருக்கும். அசரியா வீட்டில் அது எப்படி நடந்தது என்பதை அவரவர் வீட்டை வைத்து ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்த வருஷமே, 1910 ஜூனில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட பிரதிநிதிகள், அதில் ஆசியர்கள் இருபதுக்கும் குறைவு. அசரியாவைப் பேசக் கூப்பிட்டார்கள். மனம்திறந்து பேசும்படி தைரியம் சொன்னவர் சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட். அசரியா சொன்னதன் சாரம் இது: நீங்கள் எங்களுக்காகப் பாடுபட்டிருக்கிறீர்கள், சொத்தையும் உயிரையும் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் எங்களோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட உங்களால் முடியவில்லை. எங்களுக்குச் சிநேகிதம் வேண்டும். அரங்கில் பலருக்கு முகம் சிவந்துவிட்டது. சிலர் பாராட்டினார்கள், சிலர் கோபப்பட்டார்கள். இந்தியாவில் ஊழியம் செய்த மிஷனெரிகளில் ஒரு பகுதியினர் வெகுநாள் மன்னிக்கவில்லை.

அந்தப் பேச்சைத் தேசிய உணர்ச்சியின் வெளிப்பாடாகவே எல்லோரும் எழுதுகிறார்கள், அது சரிதான். கூடவே இன்னொன்றையும் கவனிக்கலாம். வேற்றூரில் வேற்று பாஷைக்காரர் நடுவே, சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் தானே மாணவனாக உட்கார்ந்து ஒரு வருஷம் கழித்த மனிதர் பேசிய பேச்சு அது. பக்கத்தில் உட்காராமல் பாடம் சொல்ல முடியாது என்பதை யாரும் அவருக்குப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. இது ஊகம்தான், ஆனால் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஊகத்துக்கு இடம் இருக்கிறது.

1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் அவருக்கு பிஷப் அபிஷேகம் நடந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப் ஒரு திருநெல்வேலிக்காரர், இருக்கை தெலுங்கு நாட்டில். அதற்குப் பிறகு தோர்ணக்கல்லில் அவர் நடத்திய குருமார் பயிற்சிப் பள்ளியைப் பாருங்கள். வழக்கமாக அந்த மாதிரிப் பள்ளிக்கு வாலிபர்கள் தனியாக வந்து, விடுதியில் தங்கிப் படித்துவிட்டுப் போவார்கள். இங்கே மாணவர்கள் மனைவி மக்களோடு குடிவந்தார்கள். புருஷனுக்கு ஒரு வகுப்பு என்றால் பெண்சாதிக்கும் ஒரு வகுப்பு. பெண்கள் பக்கத்து வேலையை அன்பு மரியம்மாள் பார்த்துக்கொண்டார். கிராமத்துக்குத் திரும்பிப் போகும்போது குருவானவருக்குச் சமமாக அவர் மனைவிக்கும் நாலு பெண்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. கைக்குழந்தை அழுதுகொண்டிருக்க எழுத்துக் கூட்டிப் படித்த அந்தத் தாய்மார்களின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் முன்பக்கத்துக்கு வரவில்லை. குடும்பத்தோடு புலம்பெயர்ந்து வந்து படித்த ஒருவருக்குத்தான் குடும்பத்தோடு வந்து படிக்கிற பள்ளிக்கூடம் தோன்றும்.

அவரைத் தேவதூதராக்க வேண்டியதில்லை. கண்டிப்பான நிர்வாகி. மதமாற்றம் குறித்து காந்தியோடு அவருக்கிருந்த கருத்து வேறுபாடு தீரவேயில்லை. அதில் யார் பக்கம் நிற்பது என்பது அவரவர் விருப்பம், இந்தப் பேச்சின் எல்லைக்கு வெளியே உள்ள விஷயம்.

ஆனால் தோர்ணக்கல்லில் அவர் கட்டிய பேராலயத்தை ஒருமுறை போய்ப் பார்க்கலாம். 1939 ஜனவரியில் பிரதிஷ்டை ஆனது. கட்டி முடிக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. கோயில் மண்டபத்துத் தூண்கள், தாமரை வேலைப்பாடு, மேலே மசூதியின் கும்மட்டங்கள். ஹைதராபாத் சமஸ்தானத்தில் கண்ணால் பார்த்தது எல்லாம் அந்தக் கல்லில் இருக்கிறது. இங்கிலாந்துக் கோபுரத்தை மட்டும் தேட வேண்டாம்.

தகப்பனைப் பற்றிச் சொன்னாயிற்று, தாய் ஒருத்தியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் சாராள் தக்கர் பழைய மாணவிகள் சண்டைக்கு வருவார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் ஜில்லாவைச் சேர்ந்தவர் இல்லை, புதுக்கோட்டைக்காரர். 1886இல் பிறந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியோடு கலியாணம், இரண்டு மகன்கள். தொழிலில் நல்ல பெயர். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஊரார் நினைக்கிற வயதில், 1925இல், தாய்சேய் மருத்துவத்தில் மேற்படிப்புக்காக அரசாங்க உதவித்தொகையோடு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். கணவரையும் மகன்களையும் கூட்டிக்கொண்டே போனார். செல்சி பெண்கள் மருத்துவமனையில் முப்பத்தொன்பது வயது மாணவி.

கல்கத்தாவிலிருந்து டாக்டர் காதம்பினி கங்குலி 1893இல் இதேபோல பிரிட்டனுக்குப் போனார், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு. அவரை வைத பத்திரிகையும் இருந்தது. முப்பது வருஷத்தில் உலகம் கொஞ்சம் நகர்ந்திருந்தது என்று சொல்லலாம். அல்லது சுந்தர ரெட்டி மாதிரி ஒரு புருஷன் கிடைத்தார் என்று சொல்லலாம். இரண்டும் சேர்ந்ததுதான் காரணமாக இருக்கும்.

மாணவியாகப் போனவர் திரும்புவதற்குள் 1926இல் பாரிஸில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியாவுக்காகப் பேசினார். அந்த வருஷக் கடைசியில் சென்னைச் சட்டசபைக்கு நியமனம். 1927 தொடக்கத்தில் துணைத்தலைவர். தேவதாசி ஒழிப்புக்கு அவர் போராடியது எல்லோருக்கும் தெரியும். அதைவிடக் குறைவாகப் பேசப்படுகிற ஒன்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று சபையில் அவர் வாதாடியது. இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு படித்த டாக்டருக்கு, வகுப்பில் உட்காருகிற பிள்ளைக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, வயிறு நிறைந்திருக்கிறதா என்பதுதான் முதல் பாடம். பிறகு கல்வி பற்றி விசாரித்த ஹார்டாக் கமிட்டியில் உறுப்பினராகி நாட்டைச் சுற்றினார். 1930இல் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். தங்கை புற்றுநோயில் இறந்தது மனதைவிட்டுப் போகாமல், 1954இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தபோது அவருக்கு வயது 67. அதை வளர்த்தவர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, லண்டனுக்குக் கூடவே போன மகன்களில் ஒருவர்.

சரி, சபையோ சர்க்காரோ கைகொடுத்தவர்களின் கதை இவை. முக்கூடலில் மடியில் சுளகை வைத்து பீடி இலை நறுக்கிக்கொண்டிருக்கிற அம்மாவுக்கு எந்தக் கப்பல்? கேட்க வேண்டிய கேள்விதான்.

அந்த அம்மாவுக்குக் கப்பல் வரவில்லை, அறிவொளி இயக்கம் வந்தது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் ஜில்லா முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். அந்த அலை மலையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டது உலகப் பத்திரிகைகளில் வந்தது. நம் ஜில்லாவிலும் நடந்தது. பத்தமடையில் குடியிருந்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அதில் முழுமூச்சாக இறங்கி வேலை செய்தவர். அந்த அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்று புத்தகமாகவே எழுதியிருக்கிறார். தாமிரபரணிக்காரர்கள் அந்தப் புத்தகத்தைப் படிக்காமல் இருந்தால் அது அவர்களுக்குத்தான் நஷ்டம்.

பகலெல்லாம் நாற்று நட்டோ பீடி சுற்றியோ வந்து, சோறாக்கிப் போட்டுவிட்டு, ராத்திரி தெருவிளக்கடியில் சிலேட்டோடு உட்கார்ந்தவர்கள் அவர்கள். சொல்லிக்கொடுத்தவர்களோ பாதிப் பேர் தங்கள் பிள்ளை வயதுப் பையன்கள், பெண்கள். ஆம்பூர் பஸ்ஸா ஆலங்குளம் பஸ்ஸா என்று அடுத்த ஆளைக் கேட்காமல் ஏற வேண்டும். பீடிக் கம்பெனியில் கழித்தது போக எத்தனை பீடிக்குக் கணக்கு எழுதினார்கள் என்று பாஸ்புக்கைத் தானே பார்க்க வேண்டும். டோக்கியோவும் எடின்பரோவும் இல்லை. போர்டு படித்துப் பஸ் ஏறியதே அவர்களுடைய பிரயாணம். தெரியாதவராக மறுபடியும் உட்காருகிற துணிச்சலில் மட்டும் அசரியாவுக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. சொல்லப்போனால் இவர்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டது. தெருவே பார்த்துச் சிரிக்கும், வீட்டுக்காரர் முறைப்பார்.

பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு வருவோம். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வைக்கச் சொல்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அதாவது வாசலோடு திரும்பிக்கொண்டிருந்த அம்மாவுக்கு உள்ளே நாற்காலி போடச் சொல்லிச் சட்டமே இருக்கிறது. கூட்டங்களும் நடக்கின்றன. ஆனால் பல ஊர்களில் நடக்கிற விதம் இந்த அவையில் இருக்கிற ஆசிரியர்களுக்குத் தெரியாததில்லை. தீர்மானப் புத்தகம் ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கும். ‘இந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா’ என்று பேனாவை நீட்டுவார்கள். அந்த அம்மா வேலைக்கு நேரமாகிவிட்டதே என்கிற அவசரத்தில் போட்டுவிட்டுப் போவாள். கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதில்லை என்று சொல்லத்தான் வந்திருப்பாள்.

தலைமையாசிரியர்கள் நிறையப் பேர் வந்திருப்பதால் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தை வெற்றுப் பக்கமாகக் கொண்டுபோங்கள். வந்திருக்கிற அம்மாமார்களில் எழுத்துத் தெரிந்த ஒருவரை எழுதச் சொல்லுங்கள், தப்பும் தவறுமாக எழுதட்டும், பரவாயில்லை. எழுதியதை உரக்க வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்காமல், பீடி கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிற நேரம் பார்த்துச் சாயங்காலம் வையுங்கள்.